எலி கடிக்கவில்லை

அந்தக் காரின் வயரை எலி கடிக்கவில்லை. அது எரிந்ததற்குக் காரணம் நான். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

கார் ஆடியோ மாட்டுவது என் தொழில். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடைப் பையனாகச் சேர்ந்து கற்றுக்கொண்டேன். பிறகு திருச்சியில் சொந்தக் கடை போட்டேன். தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கரை வெளியே தெரியாமல் மாட்டுவதில் எனக்குப் பெயர் உண்டு. டிக்கியை அடைக்கும் பெட்டி வேண்டாம் என்பவர்களுக்குச் சீட்டுக்கு அடியில் தட்டையாக ஒன்றை மாட்டித் தருவேன். எட்டு அங்குல ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் அதற்குள்ளேயே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர், காரைவிட நீளம். அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. அதனால் ஒளித்து வைத்தாலும் பாட்டுக்குக் குறைவு வராது.

2021 தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். புது வண்டி, கடனில் எடுத்தது. “ராஜா சார் பாட்டுல பேஸ் கிடார் கேக்கணும்ணே. கதவு ஸ்பீக்கர்ல அது வரவே மாட்டேங்குது” என்றார். அவர் சொன்னது சரி. பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்; சாதாரணக் கதவு ஸ்பீக்கர் அந்த இடத்தில் தேய்ந்துவிடும். “அப்பாவுக்குத் தெரிய வேணாம். வீண் செலவும்பார். அவருக்கே தெரியாம அவரையும் கேக்க வைக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வேலையில் உயிர்நாடி ஒரு சிவப்பு வயர். பேட்டரியின் பாசிட்டிவில் தொடங்கி, இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டைத் துளைத்து, கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடிச் சீட்டுக்கு வரும். அதற்கு இரண்டு காவல் வேண்டும். தகட்டில் நுழையும் துளையில் ஒரு ரப்பர் வளையம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃப்யூஸ். காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ். சிவப்பு வயரின் தோல் கிழிந்து தகட்டில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதன் வழியே கொட்டும். ஃப்யூஸ் இருந்தால் அந்தக் கணமே அறுந்துவிடும். இல்லாவிட்டால் வயரே அடுப்புக் கம்பியாகும்.

அன்று கடையில் ஃப்யூஸ் ஹோல்டர் தீர்ந்துபோயிருந்தது. மணி எட்டு. வெளியே இன்னும் மூன்று வண்டிகள் நின்றன. சப்வூஃபர் பெட்டியிலேயே ஒரு ஃப்யூஸ் இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஃப்யூஸ் பெட்டியைக் காக்குமே தவிர, அதுவரை ஓடிவரும் வயரைக் காக்காது. இது எனக்குத் தெரியும், என்னிடம் வேலை கற்ற பையன்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ரப்பர் வளையமும் போடவில்லை. இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, வயரைத் துளைக்குள் தள்ளினேன். மேலே கார்ப்பெட்டை இழுத்து மூடியதும் வேலை சுத்தமாகத் தெரிந்தது. முழுப் பணமும் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பரில் அவர் குடும்பத்தோடு மதுரைக்குப் போனார். விராலிமலை தாண்டியதும் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா எல்லோரையும் இறக்கிவிட்டு, கார்ப்பெட்டைக் கிழித்துச் சிவந்திருந்த வயரைக் கையால் பிடித்து இழுத்திருக்கிறார். வழியில் வந்த ஒரு லாரி டிரைவர் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி முனையைக் கழற்றியதால் வண்டி தப்பியது. ஆசிரியரின் வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு கோடு வெந்துவிட்டது.

வண்டியை என் கடைக்கே கட்டி இழுத்து வந்தார்கள். கழற்றிப் பார்த்தேன். தகட்டின் விளிம்பு பட்ட இடத்தில் தோல் கத்தியால் கீறியதுபோல் நேராகப் பிளந்திருந்தது. செம்பு இழைகள் உருகிக் கடுகுபோல் திரண்டிருந்தன. பல் பட்ட தடம் எங்கேயும் இல்லை. அவரும் அவர் அப்பாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆசிரியரின் கையில் கட்டுப் போட்டிருந்தது.

“எலி கடிச்சிருக்கு சார்” என்றேன்.

பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். “வண்டி வாங்கினா ஓட்டணும். இதெல்லாம் எதுக்குடா? பிள்ளைங்க உசுரு போயிருக்குமே” என்றார். மகன் தலை குனிந்து நின்றார். அந்த ஏச்சு எனக்கு வரவேண்டியது. வாயைத் திறக்காமல் நின்றேன். சப்வூஃபரைக் கழற்றிவிடச் சொன்னார்கள். கழற்றினேன். எரிந்த வயரை எடுத்ததற்குக் கூலியும் வாங்கினேன். எலி வராமலிருக்க பானெட்டுக்குள் பாச்சா உருண்டை போடச் சொல்லி அனுப்பினேன்.

போன மாதம் ஹாரன் மாற்ற அந்த ஆசிரியர் மறுபடி வந்தார். பானெட்டைத் தூக்கியதும் பாச்சா உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. பேட்டரி ஓரத்தில் பழைய சாக்ஸ் துணியில் சின்ன மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். “மாசாமாசம் மாத்திடுவேன்ணே, நீங்க சொன்னதிலிருந்து” என்றார். இப்போது வண்டியில் பாட்டு போடுவதில்லையாம். அப்பா ஏறினாலே அந்த நாள் ஞாபகம் வருகிறதாம்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்யூஸ் போடாதது, ரப்பர் போடாதது, தெரிந்தே எலி மேல் பழி போட்டது. அவர் கத்துவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். தன் உள்ளங்கையை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“இதே மாதிரி எத்தனை வண்டியில பண்ணீங்க?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு மட்டும்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்லவும் நா எழவில்லை. தீபாவளிக் கூட்டம், பொங்கல் கூட்டம், சரக்கு வராத நாட்கள் என்று பல நினைவுக்கு வந்தன. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ப் பெரியவரிடமும் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. “என் பிள்ளையை நாலு வருஷமா குத்தம் சொல்லிட்டிருந்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்போது பழைய பில் புத்தகங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சந்தேகமுள்ள வண்டிகள் பதினொன்று. எட்டுப் பேர் கிடைத்தார்கள். உண்மையைச் சொல்லி, காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தேன். ஒருவர் என் கடைப் பக்கமே இனி வரமாட்டேன் என்றார், அது நியாயம். மூன்று பேரின் எண் மாறிவிட்டது. வண்டி கைமாறியும் இருக்கலாம்.

அந்த மூவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சப்வூஃபரை யாரிடம் மாட்டியிருந்தாலும் சரி, இன்றைக்கே உங்கள் பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து சப்வூஃபருக்கென்று தனியாகக் கிளம்பும் தடித்த வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். ஒன்றரை அடிக்குள் ஒரு ஃப்யூஸ் கையில் தட்டுப்பட வேண்டும். தகட்டில் நுழையும் இடத்தில் ரப்பர் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றிவிட்டு, பிறகு வண்டியை எடுங்கள்.