பதக்கத்தின் மறுபக்கம்

தியானத்திற்குரிய பகுதிகள்: யோசுவா 4:1–7, மத்தேயு 5:14–16



என் மேசை இழுப்பறையில் வெண்கலப் பதக்கம் ஒன்று இருக்கிறது. சீர்திருத்தத்தின் 500-ஆம் ஆண்டாகிய 2017-ல், வெளிநாட்டுத் திருச்சபையிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் அதை எனக்குப் பரிசளித்தார். ஒரு பக்கத்தில் லுத்தரின் ரோஜா முத்திரை. வெண்ரோஜாவின் நடுவே சிவந்த இருதயமும், அதன் நடுவே கறுப்புச் சிலுவையும், சுற்றிலும் பொன் வளையமும் கொண்ட அந்த முத்திரையை நாம் அறிவோம். உலோகத்தில் நிறங்கள் இல்லை. கோடுகள் மட்டுமே இருக்கின்றன. மறுபக்கத்தில் திறந்த வேதப்புத்தகமும் அதனருகே எரியும் மெழுகுவர்த்தியும் பொறிக்கப்பட்டுள்ளன.

இந்த வாரம் அந்தப் பதக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். அது உண்மையில் என்னைப் பற்றிய ஓர் அறிக்கையாகவும் இருக்கும். பொறுமையோடு வாசியுங்கள்.

நம் ஆலயத்தின் ஆண்டு விழாவுக்கு நினைவுப் பதக்கம் அடிக்கவேண்டும் என்று சென்ற மாதம் சபைக் கமிட்டியில் பேசப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாதிரி வரைபடத்தை நானே பொறுப்பேற்றுச் செய்தேன். நம் முன்னோர் இத்தகைய பதக்கங்களை எவ்வாறு அமைத்தார்கள் என்று அறிய விரும்பி, சில நாட்கள் இரவில் அமர்ந்து வாசித்தேன். வாசித்தவை என்னை வியப்பிலும், பின்பு சிந்தனையிலும் ஆழ்த்தின.

1517 அக்டோபர் 31 அன்று, காசுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்கப்பட்டதை எதிர்த்து மார்ட்டின் லுத்தர் தம் 95 கூற்றுகளை வெளியிட்டார். திருச்சபையின் மெய்யான பொக்கிஷம் சுவிசேஷமே என்பது அவற்றின் சாரமான கருத்துகளில் ஒன்று. உண்டியலில் விழும் காசின் ஓசைக்கு எதிராக எழுந்த அந்தக் குரலை, நூறு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய பிள்ளைகள் வெள்ளியிலும் பொன்னிலும் வார்த்தே நினைவுகூர்ந்தார்கள். 1617-ல் சாக்சனி நாட்டில் நூற்றாண்டு நினைவு நாணயங்கள் வெளிவந்தன. லுத்தரைப் பாதுகாத்த ஞானி பிரெடரிக் ஒரு பக்கத்தில் இருந்தார். அப்போது ஆண்ட யோகான் ஜார்ஜ் மற்றொரு பக்கத்தில் வாளேந்தி நின்றார். அடுத்த ஆண்டே, 1618-ல், முப்பதாண்டுப் போர் மூண்டது. 1530 ஜூன் 25 அன்று வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் நூற்றாண்டுக்காக 1630-ல் மீண்டும் நாணயங்கள் அடிக்கப்பட்டபோது, அந்தப் போர் இன்னும் ஓயவில்லை. அந்த நாணயத்திலும் அதே அரசர் வாளோடுதான் நிற்கிறார்.

1717-ல் இருநூறாம் ஆண்டு வந்தது. கோத்தா நகரத்துக் கிறிஸ்தியான் வெர்முத் போன்ற கைவினைஞர்கள் அதற்கென்று பல பதக்கங்களுக்கு அச்சு வெட்டினார்கள். நூற்றாண்டுப் பதக்கங்களில் அடிக்கடி காணப்படும் உருவங்களில் ஒன்று, மரக்காலுக்கு அடியில் மறைக்கப்படாமல் எரியும் விளக்கு. மற்றொன்று அன்னம். 1415-ல் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹுஸின் பெயருக்கு அவர் மொழியில் வாத்து என்று பொருள். வாத்துக்குப் பின் ஓர் அன்னம் வரும் என்று பிற்காலத்தார் சொல்லிவந்த கதையே அந்த உருவத்துக்குக் காரணம்.

காலங்கள் மாறியும் வழக்கம் மாறவில்லை. 1917-ல் முதல் உலகப்போரின் நெருக்கடியில், ஞானி பிரெடரிக்கின் உருவம் பொறித்த 3 மார்க் வெள்ளி நாணயம் நூறு மட்டுமே அடிக்கப்பட்டது. இன்று நாணயம் சேகரிப்போர் அதைத் தேடி அலைகிறார்கள். லுத்தர் பிறந்து 500 ஆண்டுகள் நிறைந்த 1983-ல், கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட கட்சி ஆண்ட கிழக்கு ஜெர்மனியும் அவருக்கு வெள்ளி நாணயம் வெளியிட்டது. உலோகம் யாருக்கும் வளைந்து கொடுக்கும். எவருடைய அச்சையும் ஏற்றுக்கொள்ளும்.

இவற்றுக்கிடையே ஓர் ஆண்டு என் கவனத்தை நிறுத்தியது. 1706-ல் கிறிஸ்தியான் யுங்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர், லுத்தரின் வாழ்க்கையைப் பதக்கங்களின் வழியாகவே விவரிக்கும் ஒரு நூலை வெளியிட்டார். அதே 1706-ல், ஜூலை 9 அன்று, பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். அங்கே லுத்தரின் நினைவு உலோகத்தில் அடுக்கப்பட்டது. இங்கே அவர் போற்றிய வேதம் தமிழ் பேசக் கற்றுக்கொண்டது.

அச்சு இயந்திரமும், ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளும் 1713-ல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. அந்த எழுத்துகள் பெரியவை. அவற்றால் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் காகிதம் போதாது. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கி அந்த எழுத்துகளை வார்த்தார்கள் என்று மிஷன் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி முடிந்தது. பொன்னும் வெள்ளியும் அரசர்களின் முகங்களைச் சுமந்த காலத்தில், எறிந்துவிட வேண்டிய ஈயம் ‘அ’வையும் ‘க’வையும் சுமந்தது. அந்த எழுத்துகளில் எதிலும் வார்த்தவரின் பெயர் இல்லை.

இதையெல்லாம் வாசித்தும் நான் என் வரைபடத்தைத் திருத்தவில்லை. அதுதான் நான் அறிக்கையிட வேண்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை, அளவு காட்டுவதற்காக அந்த 2017-ஆம் ஆண்டுப் பதக்கத்தை ஆலயத்துக்கு எடுத்துச் சென்றேன். கூட்டம் முடிந்து குருமனைக்குத் திரும்பியபோது அது என் பையில் இல்லை. மறுநாள் காலையில், நம் ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் அந்த வயதான தாயார் என்னைத் தேடி வந்தார்கள். பின்வரிசை பெஞ்சுக்கு அடியில் கிடந்ததாகச் சொல்லி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பதக்கத்தை எடுத்துக் கொடுத்தார்கள். விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடிய பெண்ணின் உவமை நினைவுக்கு வர, நான் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

அவர்கள் உடனே போய்விடவில்லை. “சாமி படம் போட்ட டாலர்னு நெனச்சேன் ஐயா. சந்நிதித் தெருவுல விக்கிற மாதிரி. சிலுவையைப் பார்த்ததும்தான் நம்மளுதுன்னு தெரிஞ்சுது” என்றார்கள். பிறகு அதைத் திருப்பிப் பார்த்து, “பின்னாடி மெழுகுவர்த்தி எரியுது. யார் ஏத்துனாங்கன்னு போட்டிருக்கா?” என்று கேட்டார்கள்.

“இல்லை அம்மா, பெயர் ஒன்றும் இல்லை” என்றேன்.

“நம்ம பதக்கத்துல பின்னாடி என்ன போடப்போறீங்க ஐயா?”

அன்பானவர்களே, அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மறுபக்கத்தில் என் பெயர் இருந்தது. அதன் கீழே கமிட்டி உறுப்பினர்களின் பெயர்கள் இருந்தன. முன்பக்கத்தில் ஆலயக் கோபுரமும் ஆண்டும் இருந்தன. வேத வசனத்துக்கு இடம் போதவில்லை என்று நானே அதை நீக்கியிருந்தேன்.

பேச்சை மாற்றுவதற்காக அவர்களுடைய காலஞ்சென்ற கணவரைப் பற்றி விசாரித்தேன். அவர் நம் ஆலயத்தின் கோயில்பிள்ளையாக இருந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தத் தாயார் சொன்னார்கள்: “கரண்ட் அடிக்கடி போற காலம் ஐயா. சாயங்கால ஆராதனைக்குப் பெட்ரோமாக்ஸ் பம்ப் அடிச்சு, மேண்டில் பத்துனதும் கொண்டுபோய் பீடத்துக்குப் பக்கத்துல மாட்டுவார். வெளிச்சம் நல்லா வந்ததும் கடைசி பெஞ்சுக்குப் பின்னால போய் நின்னுக்குவார். பாட்டுப் புஸ்தகம் எல்லாருக்கும் தெரியுதான்னு அங்கிருந்து பார்ப்பார்.”

அவர்கள் போன பிறகு, பதக்கம் பெறவேண்டியவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நன்கொடையாளர்களும் விருந்தினர்களும் அதில் இருந்தார்கள். வாரந்தோறும் ஆலயத்தைச் சுத்தம் செய்யும் அந்தத் தாயாரின் பெயர் இல்லை. பட்டியலை எழுதியது என் கை.

நினைவுச் சின்னங்கள் தவறானவை என்று நான் சொல்லவில்லை. யோர்தானைக் கடந்தபோது பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டும்படி கர்த்தரே யோசுவாவுக்குக் கட்டளையிட்டார். இந்தக் கற்கள் எதற்கு என்று பிள்ளைகள் பிற்காலத்தில் கேட்கும்போது, தேவன் செய்ததை அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். கோத்திரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பேர் அந்தக் கற்களைத் தோளில் சுமந்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் அந்த அதிகாரத்தில் இல்லை. மோசே செய்த வெண்கலச் சர்ப்பமும் தேவன் சொன்னபடி செய்யப்பட்டதே. ஆனால் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). சின்னம் ஒன்றே; அதை நோக்கிய கண்கள் மாறிவிட்டன.

நாம் வாழும் ஊர் வெளிச்சத்தைப் பற்றி நன்றாக அறிந்த ஊர். கார்த்திகை மாதத்தில் மலையுச்சியில் கொப்பரையில் ஏற்றப்படும் தீபம் சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் தெரிகிறது. கொப்பரையைச் சுமந்து மலையேறியவர்களின் முகங்களைக் கீழே நிற்கும் கூட்டம் அறியாது. நம் அயலாருடைய பண்டிகை அது. ஆனாலும் மலையின்மேல் இருக்கும் பட்டணத்தையும் விளக்குத்தண்டின்மேல் வைக்கப்படும் விளக்கையும் பற்றி ஆண்டவர் சொன்ன வார்த்தைகளை, இந்த மலையைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும் நமக்கு அவற்றின் பொருள் விளங்காமற்போகாது. நம் நற்கிரியைகளைக் காண்பவர்கள் பரலோகத்திலிருக்கிற பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்று அவர் முடிக்கிறார். அவர்கள் பார்வை என் பெயரில் நின்றுவிட்டால், அந்தப் பெயரே விளக்கை மூடும் மரக்கால்.

2016 அக்டோபர் 31 அன்று, சுவீடனின் லுண்ட் நகரத்துப் பேராலயத்தில் லுத்தரன் உலக சம்மேளனத்தின் தலைவர்களும் போப்பு பிரான்சிசும் ஒன்றாக ஜெபித்து 500-ஆம் ஆண்டைத் தொடங்கினார்கள். 1617-ன் வாளுக்கும் இந்த ஜெபத்துக்கும் இடையே நான்கு நூற்றாண்டுகள் கடந்திருக்கின்றன. திருச்சபை தன் நினைவுகூரும் முறையைத் திருத்திக்கொள்ளக் கற்றிருக்கிறது. ஒரு போதகரும் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி மீண்டும் கூடுகிறது. மறுபக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி நான் கேட்கப்போகிறேன். அங்கே ஒரு விளக்கும் மத்தேயு 5:16 என்ற குறிப்பும் இருந்தால் போதும் என்பது என் விண்ணப்பம். கமிட்டியார் என்ன முடிவெடுப்பார்கள் என்று இப்போது சொல்ல இயலாது. சிலருக்கு வருத்தமும் இருக்கலாம். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த ஆலயத்தில் மணியடித்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், உங்களுக்கு முதல் ஜெபத்தைக் கற்பித்த உபதேசியார்கள், விளக்கேற்றிவிட்டுப் பின்னால் போய் நின்றவர்கள் ஆகியோரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் காணிக்கைப் பையில் போடுங்கள். அவற்றை விழா நாளில் பீடத்தின் முன் நின்று வாசிப்பேன். பெட்ரோமாக்ஸ் ஏற்றியவரின் பெயரை முதலாவதாக வாசிப்பேன்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, எங்கள் பிள்ளைகள் எங்களிடம் கேட்கும் நாளில், எங்களைப் பற்றிச் சொல்லாமல் உம்மைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு வார்த்தை தாரும். விளக்கை ஏற்றிய பின் விலகி நிற்கும் கிருபையையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்
திருவண்ணாமலை