பல் பிடுங்கிய அந்த இரவு

திருச்சி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

உன் பைபாஸ் ஆபரேஷன் நல்லபடியாக முடியவேண்டும் என்று நேற்று சமயபுரம் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தேன். "எல்லா டெஸ்டும் நார்மல் அக்கா, பிளேட்லெட் 2,20,000" என்று போனில் சொன்னாய். நிம்மதியாகப் படுத்தவள் நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் "பார்த்துக்கலாம்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஏழு வயதில் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். ரத்தம் இரண்டு நாள் நிற்கவில்லை. அம்மா விடிய விடியப் பஞ்சு மாற்றிக்கொண்டிருந்தாள்; தலையணை உறையைத் துவைத்தவள் நான். உனக்கு ஞாபகம் இருக்காது. அம்மாவுக்கும் மாதாமாதம் அளவுக்கு மீறிப் போகும். "உடம்பு வாகு" என்று எல்லாரும் விட்டுவிட்டோம். முப்பது வருஷம் ரத்த வங்கியில் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பதில் இப்போது போதவில்லை.

ரத்தக் குழாயில் காயம் பட்டதும் முதலில் வந்து ஒட்டுவது பிளேட்லெட்தான். ஒட்டியதும் உருமாறி, பக்கத்தில் போகிறவற்றையும் அழைத்து, ஓட்டையை அடைக்கும். ஒரு மைக்ரோ லிட்டரில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருந்தால் அளவு சரி. ஆனால் அந்த எண் எத்தனை இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். வேலை செய்கின்றனவா என்று சொல்லாது.

1924-இல் பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளிலிருந்து ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற டாக்டரிடம் கொண்டுவந்தார்கள். அவள் குடும்பத்தில் பலருக்கு ரத்தம் நிற்காத தொல்லை. பிளேட்லெட் எண்ணிக்கையில் குறையில்லை. பிளேட்லெட்டைக் காயத்தில் ஒட்டவைக்கும் பசை போன்ற ஒரு புரதத்தில்தான் குறை என்பது பல வருஷங்களுக்குப் பிறகே தெரிந்தது. அந்தப் பெண் பருவமெய்திய சில மாதங்களில் உதிரப்போக்கிலேயே இறந்துபோனாள். அந்த டாக்டரின் பெயரில் வழங்கும் இந்த நோய் தலைமுறை தலைமுறையாக வரக்கூடியது. நமக்கு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் ஆபரேஷன் மேஜையில் படுக்காதே என்கிறேன்.

ஏனென்றால் பைபாஸில் நல்ல பிளேட்லெட்டே தளர்ந்துபோகும். இதய நுரையீரல் இயந்திரத்தில் ஓடும்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். இயந்திரத்தில் நிரப்பிய திரவம் கலந்து எண்ணிக்கை குறையும். குழாய்களில் உரசிப் பல பிளேட்லெட் சோர்ந்துவிடும். கடைசியில் ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் போடுவார்கள். சோர்ந்துபோன பிளேட்லெட்டை அது எழுப்பாது. ஏற்கெனவே வேறொரு குறை இருந்தால், மார்பில் வைத்த குழாயில் வழிவது நிற்காது. முன்பே தெரிந்துவிட்டால் அதற்கான மருந்தைத் தயாராக வைத்துக்கொள்வார்கள்.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். ஒரே ஒரு ஆஸ்பிரின் கட்டிப்போடும் பிளேட்லெட் தன் ஆயுள் முழுக்க, ஏழு பத்து நாள், எழாது. க்ளோபிடோக்ரெல் என்ற இன்னொரு மாத்திரையை வழக்கமாக ஐந்து நாள் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் நீயாக எதையும் நிறுத்தாதே. காயத்தை அடைக்கும் அதே பிளேட்லெட்தான் இதயக் குழாயையும் அடைக்கிறது. எதை எந்த நாளில் நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும். தலைவலிக்கு வாங்கிப் போட்டது, நாட்டு மருந்து, எதையும் மறைக்காதே. ஒருமுறை தலைவலி மாத்திரையைச் சொல்லாமல் விட்டவருக்காக ராத்திரி முழுக்கப் பை பையாகப் பிளேட்லெட் அனுப்பியிருக்கிறேன். அவருக்கும் எண்ணிக்கை நார்மல்தான்.

அந்தப் பைகளைப் பற்றியும் சொல்கிறேன். சிவப்பணுவை ஃபிரிட்ஜில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கலாம். பிளேட்லெட்டை 22 டிகிரியில், குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதுபோல் ஓயாமல் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். அப்படியும் ஐந்தே நாள். வெளிச்சத்தில் பிடித்து அசைத்தால் வைக்கோல் நிறத் திரவத்தில் பட்டு இழைபோலச் சுழலும். சுழன்றால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகளிடம் சொல், ஆபரேஷனுக்கு முன்பே ரத்த வங்கியில் கேட்டு, கொடுக்க ஆட்களைத் தயார் செய்யட்டும். கொடுப்பவரும் கடைசி மூன்று நாளில் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது.

நாளைக் காலையில் சர்ஜனிடம் இந்தக் கடிதத்தையே கொடு. பல் பிடுங்கியது, அம்மாவின் கதை இரண்டையும் உன் வாயாலும் சொல். சொல்லிவிட்டேன் என்று நீ போன் செய்யும்வரை எனக்குத் தூக்கம் வராது.

அன்புடன்,
அக்கா