பஞ்சிகாவத்தையில் கிடைத்த பழைய லேத்

கொழும்புக்கு வரும்போது மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கிப் பஞ்சிகாவத்தைப் பக்கம் நடந்திருக்கிறீர்களா? கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க வருபவர்கள் அந்தத் திசையை எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் வாகனம் வைத்திருப்பவர் எவரும் ஒரு நாளாவது அங்கே போயே ஆக வேண்டும். கதவு, கண்ணாடி, கியர் பெட்டி, முழு என்ஜின் என்று வாகனத்தின் ஒவ்வோர் உறுப்பும் அங்கே தனித்தனியாக விலைக்குத் தொங்கும். 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்த காலத்தில், பழையதைத் திருத்தி ஓட்டியவர்களுக்கு இந்தத் தெருதான் கைகொடுத்தது.

கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பின்புறச் சந்துகளுக்குள் நுழையுங்கள். அங்கேதான் லேத் பட்டறைகள் இருக்கின்றன. லேத் என்பதைப் படுத்துக்கொண்ட குயவன் சக்கரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் துண்டு சுழலும். அதன்மேல் மெல்ல நகரும் வெட்டுளி அதைச் சீவிக்கொண்டே போகும். 1800ஆம் ஆண்டளவில் லண்டனில் ஹென்றி மோட்ஸ்லி என்பவர் திருகாணி வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். அதற்கு முன் ஓர் ஆணிக்குச் செய்த நட் பெரும்பாலும் அந்த ஓர் ஆணிக்கு மட்டுமே பொருந்தும். இன்று எந்தக் கடையில் வாங்கிய நட்டும் அதே அளவுள்ள எந்த ஆணிக்கும் பொருந்துகிறது என்றால், அதற்கு வழி திறந்தவர்களில் அவர் முக்கியமானவர்.

அப்படியொரு சந்தில்தான், பழைய டியூப்களின் கீழே, துருவேறிக் கிடந்த ஒரு சிறிய லேத்தைக் கண்டேன். கடை ஹாஜியார், "நாளைக்கு இரும்பு லொறி வருது, நிறைக்குக் குடுக்கப் போறேன்" என்றார். என் வாப்பா இருபத்தைந்து வருடம் லேத்தில் நின்றவர். நானோ பாடசாலையில் சரித்திரம் படிப்பிப்பவன், ஸ்பேனர் பிடித்தறியாதவன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய மகன், மூன்று மாதமாக வீட்டில் யாருடனும் பேசாமல் இருந்தான். அன்று என்னோடு வந்திருந்த அவன் குனிந்து அந்த இரும்பைத் தடவிப் பார்த்தான். இரும்பு விலைக்கே வாங்கிவிட்டேன்.

அது மைஃபோர்ட் எம்.எல்.7. இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமுக்கு அருகே பீஸ்டனில் செய்தது. 1946ஆம் ஆண்டளவில் வெளிவந்த வகை. 7 அங்குல விட்டமுள்ள துண்டைச் சுழற்றலாம். இரு முனைகளுக்கிடையே 20 அங்குலம் கொள்ளும். அந்தத் தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டுவிட்டது.

புதியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாதிக்கு மேல் சுத்தம் செய்யும் வேலைதான். மண்ணெண்ணெய், பித்தளைத் தூரிகை, பழைய சாரத் துண்டு, இவை போதும். வெட்டுளி நகரும் தண்டவாளத்தில் மணற்கடதாசி போடாதீர்கள். உதிரும் துகள்கள் உள்ளே புகுந்து பின்னர் இரும்பையே தின்னும். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் வையுங்கள். மகன் தன் பழைய கணிதக் கொப்பியின் பின்பக்கங்களில் ஒவ்வொரு பாகத்தையும் படமாக வரைந்து வைத்தான்.

இனி என் தவறு. துண்டைப் பிடிக்கும் 'சக்' புரியில் இறுகிக் கிடந்தது. தண்டு சுழலாதிருக்கப் பின்கியரைப் போட்டுப் பூட்டி, நீண்ட கம்பியொன்றைக் கொடுத்து முழுப் பலத்தோடும் இழுத்தேன். 'டக்' என்றது. சக் அசையவில்லை, கியரில் ஒரு பல் போய்விட்டது. மகன் ஒன்றும் சொல்லாமல் பல்லைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டான். அவன் அப்படிப் பேசாமல் நின்றதுதான் எனக்கு வலித்தது.

கியரைச் சீலையில் சுற்றிக்கொண்டு திரும்பவும் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். மாற்றுக் கியர் எங்கும் இல்லை. ஆனால் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். அவர் அடுத்த சந்தைக் காட்டினார். கடைசியில், கண் மங்கி வேலையை விட்டிருந்த முதிய பாஸ் ஒருவரிடம் வந்து சேர்ந்தோம். விரலால் தடவியே விஷயத்தை அறிந்துகொண்டார்.

"கியரப் பூட்டி இழுத்தீங்களா?"

"ஆமா நானா."

"இரும்ப வெருட்டேலா மகன். ரெண்டு நாள் ஒயில் ஊத்தி வெச்சா தானே வரும்."

அவர் சொன்னபடி முறிந்த இடத்தில் பித்தளை உருக்கி நிரப்பினார் பக்கத்துப் பட்டறைக்காரர். பக்கத்துப் பல்லை அளவாக வைத்து அரம் பிடித்து மெல்ல மெல்ல ஒரு பல்லை உருவாக்கியவன் என் மகன். பாஸ் விரலால் தடவித் தடவி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். இரண்டு பின்னேரங்கள் ஆயின. ஒயில் ஊற்றி வைத்த சக்கும் மூன்றாம் நாள் கையோடு வந்தது.

எல்லாம் பூட்டி ஓடவிட்டோம். மைக்ரோமீட்டரில் பார்த்தால், சீவிய கம்பி ஒரு முனையில் பருமனாக இருந்தது. 4 அங்குல நீளத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 5 பங்கு வித்தியாசம். "பழசுதானே, தேய்ந்துவிட்டது" என்றேன். மகன் ஒத்துக்கொள்ளவில்லை. பாஸிடம் போய்க் கேட்டு வந்தான். லேத்தின் கால்களை நாம் இறுக்கியிருந்த பலகை சமமாக இல்லை. அதனால் இயந்திரத்தின் உடலே முறுகியிருக்கிறது என்றான். பருமன், சக்கிலிருந்து தூரமான முனையில். ஆகவே அந்தப் பக்கத்து முன்காலைத் தளர்த்தி, மெல்லிய பித்தளைத் தகடு வைத்தான். சீவினான், அளந்தான், இன்னொரு தகடு வைத்தான். நான்காம் தடவை இரு முனைகளும் ஒத்து வந்தன.

வாசகர்களே, அந்த இயந்திரத்தில் நான் கண்ட இரண்டு பெரிய பழுதுகளும் அதனுடையவை அல்ல. ஒன்று என் அவசரம். மற்றது நான் அதை நிறுத்தி வைத்த இடம். ஆயிரத்தில் ஐந்தைக் கண்டுபிடித்துத் திருத்தியவன், கணிதம் வராது என்று நாங்கள் முடிவு கட்டியிருந்த பிள்ளை.

இப்போது அவன் காலையில் அந்தச் சந்தில் பாஸின் பக்கத்தில் நிற்கிறான். மாலையில் கணிதம் படிக்கிறான். அவனுடைய முதல் வேலை, அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு ஒரு புஷ். நீங்கள் பஞ்சிகாவத்தைக்குப் போனால், வாங்குவதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு சந்துக்குள் நுழைந்து பாருங்கள். இரும்பு லொறி வருவதற்கு முன்னே போய்விடுங்கள்.