இளவெயினியை வீட்டில் எப்படிக் கூப்பிடுவது?

எங்கள் மகளுக்கு இளவெயினி என்று பெயர் வைத்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் கூப்பிட ஒரு சின்னப் பெயர் வைப்பதில்தான் இத்தனை நாளாக இழுபறி. இதையெல்லாம் இங்கே எழுத வேண்டுமா என்று முதலில் தயங்கினோம். போன வாரம் படிப்பு வட்டத்தில் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னோம். கல்லூரித் தோழர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுப் பெயர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் பேச வேண்டிய கூலிப் பிரச்சினை பாதியிலேயே நின்றுவிட்டது. சரி, எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். புறநானூற்றின் 157ஆம் பாட்டு ஏறைக்கோன் என்ற தலைவனைப் பற்றியது. பாடியவர் குறமகள் இளவெயினி. அதே நூலின் 11ஆம் பாட்டைப் பாடியவர் பேய்மகள் இளவெயினி. கபிலரும் பரணரும் இருக்கிற தொகுப்பில் இந்தப் பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் பெயருக்கு முன்னால் குறமகள், பேய்மகள் என்று ஓர் அடையாளத்தைச் சேர்த்துத்தான் நம் கைக்கு வந்திருக்கிறார்கள். எயினர் என்பவர்கள் பாலை நிலத்து வேட்டுவ மக்கள். பெரும்பாணாற்றுப்படையில் அவர்கள் வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். பூண் போட்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுத்து, நிலத்தில் குழித்த உரலில் குத்திச் சமைக்கிறார்கள். எங்களில் ஒருவருடைய ஆயா, அறுப்பு முடிந்த கழனியில் எலி வளை தோண்டி நெல் எடுத்து அடுப்பெரித்தவர். அந்த வரிகளைப் படித்த இரவே பெயரை முடிவு செய்துவிட்டோம். சங்கப் புலவரை எங்கள் பாட்டி என்று உரிமை கொண்டாட வரவில்லை. நாங்கள் குறவரும் இல்லை, எயினரும் இல்லை. ஆனால் குறத்தி என்பதை இன்றும் வசவாகப் பயன்படுத்துகிற ஊரில்தான் இருக்கிறோம். அங்கே ஒரு குறமகளின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறட்டும் என்று நினைத்தோம்.

எங்கள் காலனியில் இப்படிப்பட்ட பெயர்கள் புதிதல்ல. விடுதலைச் சிறுத்தைகள் தமிழ்ப் பெயர் சூட்டும் விழாக்கள் நடத்திய காலத்தில் இங்கேயும் பலர் பெயர் மாற்றிக்கொண்டார்கள். தொல். திருமாவளவன் என்பதில் உள்ள 'தொல்', அவர் தன் தந்தை ராமசாமிக்குச் சூட்டிய தொல்காப்பியன் என்ற பெயரின் சுருக்கம். மகன் அப்பாவுக்குப் பெயர் வைத்தார். இதைச் சொன்னால் இன்றைய மாணவர்கள் சிரிக்கிறார்கள். அதற்கும் முன்னால் காத்தவராயன் என்ற மாணவர் தன் ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். பெயரைக் கையில் எடுப்பது நம் அரசியலில் பழைய வேலை.

பெயர் சூட்டிய அன்றே நாங்கள் ஒரு சட்டம் போட்டோம். யாரும் சுருக்கக் கூடாது, முழுப் பெயரைத்தான் சொல்ல வேண்டும். காரணத்தை நாங்களே பெரிய பேச்சாகப் பேசினோம். நம் பெயர்களை வெட்டியே பழகிய வாய்களுக்கு இந்தப் பெயரையாவது முழுசாகச் சொல்லக் கற்றுக்கொடுப்போம் என்றெல்லாம். வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆயா மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு சொன்னார்:

"பேரு நல்லாத்தான் இருக்குது. ஆனா நீங்க சட்டம் போட்டா ஊரான் கேப்பானா? நாலு எழுத்துக்கு மேல சொல்லச் சோம்பேறித்தனம் பட்டு, எளவு எளவுன்னுதான் கூப்புடுவான். புள்ள பள்ளிக்கூடத்துல அழுதுகிட்டு நிக்கும்."

எங்களுக்கு முகம் செத்துவிட்டது. எத்தனை புத்தகம் புரட்டினோம்! இளவெயினியின் முதல் மூன்று எழுத்தைத் தனியாகச் சொன்னால் பேச்சுத் தமிழில் சாவு வீட்டுச் சொல்லாகக் காதில் விழும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆயா இதைச் சும்மா சொல்லவில்லை. அவருடைய பெயர் ராசாத்தி. இது எங்களுக்கே இருபது வயதுக்குப் பிறகுதான் தெரியும். குடும்ப அட்டையில், வாக்காளர் பட்டியலில், முதியோர் பென்ஷன் தாளில் எல்லாம் இருப்பது சாத்தி. அன்றைக்கு இரவு அந்தக் கதையைத் திரும்பச் சொன்னார்:

"எங்கம்மா ஆசையா வெச்ச பேரு. ஆண்டை வூட்டுக்குச் சாணி அள்ளப் போன மொத நாளு, அந்த அம்மா பேரு கேட்டாங்க. சொன்னேன். 'உனுக்கு ராசா ஒரு கேடா'ன்னுட்டு, சாத்தின்னு கூப்ட்டாங்க. அப்புறம் அந்த வூட்டு ஏழு வயசுப் புள்ள வரைக்கும் ஏய் சாத்திதான். நம்ம ஆளுங்களும் அதயே புடிச்சிக்கிட்டாங்க."

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அதிலும் மேல்சாதி வீட்டுச் சின்னப் பையன் பாட்டியைப் பெயர் சொல்லி ஏவுகிறான், பாட்டி அவனை ஐயா என்கிறார். ஆயாவுக்கு அவர் பெயர்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. 'ராசா'வை ஆண்டை வீடு எடுத்துக்கொண்டது, மிச்சத்தை இவர் அறுபது வருடம் சுமந்தார்.

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகத்தைப் படித்திருப்பீர்கள். பிராமணருக்கு மங்களமான பெயர், சத்திரியருக்கு வலிமையைச் சொல்லும் பெயர், வைசியருக்குச் செல்வத்தைச் சொல்லும் பெயர், சூத்திரருக்கு இழிவான பெயர். நாம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் எரித்தது இந்த நூலைத்தான். ஆனால் இரண்டு சுலோகம் தள்ளி 33ஆவதை நாங்கள் இப்போதுதான் கவனித்தோம். பெண்ணின் பெயர் சொல்வதற்கு எளிதாக, கடுமை இல்லாமல், இனிமையாக இருக்க வேண்டுமாம். 'பொம்பளப் புள்ளைக்கு வாயில நுழையற பேரா வெக்கக் கூடாதா' என்று கேட்டவர்களில் எங்கள் இயக்கத் தோழர்களும் உண்டு. அவர்கள் யாரும் மனுவைப் படித்துவிட்டுக் கேட்கவில்லை. அதுதான் எங்களுக்கு உறுத்தியது.

அப்படியானால் முழுப் பெயர்ச் சட்டமே சரி என்று ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தோம். இரவு மூன்று மணிக்கு அழுகிற பிள்ளையை இளவெயினி இளவெயினி என்று ஐந்து எழுத்தும் சொல்லி ஆற்றிப் பாருங்கள், தெரியும். நான்காம் நாளே பாப்பா, குட்டி, தங்கம் என்று இறங்கிவிட்டோம். அந்த நாட்களில்தான் ராமு நினைவுக்கு வந்தார். அம்பேத்கர் தன் இணையர் ரமாபாயை ராமு என்றுதான் அழைப்பார். அவர் 1935இல் இறந்த பிறகு எழுதிய பாகிஸ்தான் பற்றிய புத்தகத்தை அவர் நினைவுக்கே படைத்தார். சமர்ப்பணப் பக்கத்தில் அச்சாகியிருப்பது ரமாபாய் இல்லை, ராமு. அவ்வளவு கறாரான அரசியல் நூலின் வாசலில் ஒரு வீட்டுப் பெயர். அம்பேத்கரையும் வீட்டில் பீவா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆக, சுருக்குவதே அவமானம் என்று நாங்கள் பேசியது தவறு. சட்டத்தை வாபஸ் வாங்கினோம். எளவு என்று எவனாவது சொல்வதற்கு முன்னால் நாமே ஒன்றை வைத்துவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது.

முதலில் இளா. நல்ல பெயர்தான், ஆனால் எயினி முழுக்க அடிபட்டுப் போகிறாள். இளமதியும் இளங்கோவும்கூட இளாதான். இளவரசனும். தருமபுரிக்குப் பிறகு, 2013 ஜூலைக்குப் பிறகு, நம்மில் யாராலும் அந்தப் பெயரை வெறும் பெயராகக் கேட்க முடிவதில்லை. ஒரு நாள் முழுக்க இளா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளாமலே விட்டுவிட்டோம்.

எயினி என்று அத்தை ஒருவர் சொன்னார். பொருள் சரி. தொலைபேசியில் சொன்னால் ஏணியா என்கிறார்கள். வெயினி எங்களுக்குப் பிடித்திருந்தது. தமிழ் படித்த தோழர் தலையில் அடித்துக்கொண்டார். இள என்பதோடு எயினி சேரும்போது நடுவில் வந்து ஒட்டுவதுதான் அந்த வகரம், உடம்படுமெய்யை எடுத்துப் பெயருக்குத் தலையாக வைப்பீர்களா என்று கேட்டார். நியாயம்தான். இலக்கணத்தில் தோற்றுப்போய் வீடு திரும்பினோம்.

ஆயாவுக்கு முன்பல் நான்கு இல்லை. வெயினி என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது அவர் வாயில் வெயிலு ஆகிவிட்டிருந்தது. "வெயிலு, என் வெயிலு, ஏந்துக்கினியா?" பிள்ளை அந்தக் குரலுக்குத்தான் முதலில் தலையைத் திருப்பினாள். வெயிலில் கறுத்து உழைத்த ஒருவர் தன் கொள்ளுப்பேத்தியை வெயிலே என்று கூப்பிடுவதற்கு எந்தத் தோழரும் இலக்கணம் பேசவில்லை. இப்போது தெருவுக்கே அவள் வெயிலுதான். நாங்கள் வைத்த பெயர் இல்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

இரண்டரை மாத ஊசிக்குப் போனபோது ஆயா பயந்தது நடந்தது. பதிவேட்டில் எழுதியவர் பெயரைப் பாதி படித்து, "எளவு... என்னங்க பேரு இது?" என்று சிரித்தார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நாங்கள் சத்தம் போடவில்லை. "இளவெயினிங்க. புறநானூறுல பாட்டு எழுதுனவங்க பேரு. ஒரு தடவ சொல்லுங்க" என்றோம். அவர் எங்களைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், சொன்னார். இரண்டாவது தடவை சரியாக வந்தது. இன்னும் எத்தனை மேசைக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல வேண்டியிருக்குமோ. அவள் பேசத் தொடங்கும் வரை நாங்கள் சொல்கிறோம்.

பிறப்புச் சான்றிதழில் ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. போன திங்கட்கிழமை அதற்காக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். வெயிலு என்பதை எங்கேயும் எழுதவில்லை, அது வீட்டுக்குள் இருக்கட்டும். அன்று சாயங்காலம் ஆயா தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பெரியவர்களும் அரசிதழில் போட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் ஆயா என்றோம்.

"போற காலத்துல எனக்கு எதுக்குடா அதெல்லாம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல் கேட்டார்: "ராசாத்தின்னு முழுசாவே போடுவானா?"