ஆறும் ஏழும் பிள்ளைகளுக்கு

திருவண்ணாமலை தீபம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு மாலைப்பொழுதுதான். 2,668 அடி மலை, உச்சியில் கொப்பரை, ஆறு மணிக்கு ஏற்றும் நெருப்பு, லட்சக்கணக்கான தொண்டைகளிலிருந்து ஒரே அரோகரா. தொலைக்காட்சியில் வருவதும் அதுதான். ஊரில் பிறந்தவர்களைக் கேட்டால் கணக்கு வேறு. துர்க்கையம்மன், பிடாரியம்மன், விநாயகர் என்று காவல் தெய்வங்களுக்கு மூன்று நாள் எடுத்து, அதன்பின் கொடியேறி, பத்து நாள் திருவிழா. அந்தப் பத்தில் ஆறும் ஏழும் பிள்ளைகளுக்கு. எந்தப் பத்திரிகையிலும் இப்படி அச்சடித்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஆயா காலத்திலிருந்து அப்படித்தான்.

ஆறாம் நாள் காலை அறுபத்துமூவர் உலா. நாயன்மார்களைத் தோளில் சுமந்து மாட வீதி சுற்றி வருகிறவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அப்பா சுமந்திருக்கிறார், நானும் சுமந்திருக்கிறேன். யாருக்கு எந்த நாயனார் என்பதில் முந்தின நாளே தகராறு தொடங்கிவிடும். எல்லோருக்கும் கண்ணப்பர்தான் வேண்டும், கதை தெரிந்தவர் என்பதால். அப்பாவுக்கு வாய்த்தவர் யாரென்று கடைசிவரை அவருக்கே தெரியாது. "பேரு தெரியாத சாமின்னா தோளு வலிக்காதா என்ன?" என்பார். துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தேரடி வீதியில் கிளம்புவோம். நெட்டையனும் குட்டையனும் ஒரு ஜோடியாகச் சேர்ந்துவிட்டால் நாயனார் திருவூடல் தெரு, பே கோபுரத் தெரு, பெரிய தெரு முழுக்கச் சாய்ந்தபடியே தரிசனம் தருவார். வழியில் நீர்மோர் கொடுக்கிற வீடுகள் எவை என்பது எங்களுக்கு மனப்பாடம். அக்காவைத் தூக்கவிடவில்லை என்ற ஆத்திரம் அவளுக்கு இன்னமும் உண்டு.

மறுநாள் தேர். ஒரே நாளில் ஐந்து தேர் ஓடும், ஒன்று நிலைக்கு வந்த பிறகு அடுத்தது என்ற வரிசையில். காலையில் பிள்ளையார் தேர், பிறகு முருகர் தேர், அப்புறம் அண்ணாமலையார் ஏறிய பெரிய தேர். அம்மன் தேரைப் பெண்கள் மட்டும் இழுப்பார்கள். அக்காவின் வழக்கு அங்கே பாதி தீர்ந்தது. கடைசியாக வரும் சண்டிகேசுவரர் தேர் சிறுவர்களுடையது.

ஆனால் எங்கள் வீட்டுக் கதை தேரில் தொடங்கவில்லை, கரும்பில் தொடங்குகிறது. பிள்ளையில்லாதவர்கள் அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தேர் அன்று கரும்புத் தொட்டிலில் போட்டு மாட வீதி சுற்றுவது இங்கே வழக்கம். இரண்டு மூன்று முழுக் கரும்புகளைத் தோகையோடு சேர்த்துக் கட்டுவார்கள். ஒற்றைக் கரும்பு தாங்காது. நடுவில் மஞ்சள் துணியைத் தூளியாக முடிந்து குழந்தையைக் கிடத்தி, புருஷன் முன்னால், பெண்டாட்டி பின்னால். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் கரும்பு வளைந்து நிமிரும். உள்ளே இருப்பது தூங்கிவிடும். தூக்குகிறவர்களுக்குத்தான் முழி பிதுங்கும். ஆயாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்பா பிறந்தார். "ஒன்னைத் தூக்கிக்கினு போறப்போ கரும்பு வளைஞ்சு ஒன் முதுகு தரையில இடிச்சுதுடா" என்று அவர் தலை நரைத்த பிறகும் ஆயா சொல்லிச் சிரிப்பாள். அவர் செய்த அசட்டுத்தனங்களுக்கெல்லாம் வீட்டில் அந்த இடிதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

இந்த வேண்டுதலோடு சேர்த்து ஊர் சொல்லும் கதை வல்லாள மகாராஜாவுடையது. பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் இருந்து ஆண்ட ஹொய்சள அரசன் மூன்றாம் வீரவல்லாளன். பிள்ளை இல்லாத அவனுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார் என்பது ஐதீகம். அரசன் மதுரை சுல்தானோடு நடந்த போரில் மாண்டான் என்பது வரலாறு. இரண்டையும் முடிச்சுப் போட்டு, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய் அப்பனுக்குத் திதி கொடுத்துவிட்டு வருகிறார். சாமிக்கே மகன் கடமை உண்டு என்று வைத்திருக்கும் ஊர் இது. பிள்ளைகளுக்கு ஒரு தேரை ஒதுக்கியதில் ஆச்சரியமில்லை.

சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்கள் இழுப்பதற்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது இது: பெரிய புராணத்தில் சண்டிகேசுவரர் ஒரு சிறுவன். சேய்ஞலூரில் மாடு மேய்த்த விசாரசருமன், மணலில் லிங்கம் பிடித்துப் பாலைக் கொட்டியவன், தடுக்க வந்த அப்பனின் காலையே வெட்டியவன். அவன் தேருக்குப் பையன்கள் வராமல் வேறு யார் வருவார்கள்?

அந்தத் தேர் புறப்படப் பொழுது சாய்ந்துவிடும், பல வருஷம் இரவாகிவிடும். அதுவரை காத்திருப்பதே திருவிழாவில் பாதி. பெரிய தேர் முட்டுக்கட்டையில் நின்று நின்று நகரும். அது நிலைக்கு வந்தால்தான் எங்கள் காலம். இடைப்பட்ட நேரத்தில் தீபத்துக்குக் கூடும் மாட்டுச் சந்தையில் குதிரை பார்த்துவிட்டு வருவோம். வடம் கைக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோகும். உள்ளங்கை எரியும், மறுநாள் சிவந்து கிடக்கும். அதைப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். யார் கை அதிகம் சிவந்தது என்பதற்கும் சண்டை வரும்.

என் மகளையும் கரும்புத் தொட்டிலில் தூக்கினோம். அவள் அம்மன் தேரில் வடம் பிடிக்கிற வயதுக்கு வந்தபோது கொரோனா வந்தது. 2020, 2021 இரண்டு ஆண்டும் மாட வீதியில் தேர் ஓடவில்லை. சாமி கோயிலுக்குள்ளேயே சுற்றி வந்தது. 2024 இன்னும் கனத்த ஆண்டு. டிசம்பர் 1-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். மூன்று நாளில் கொடியேறியது. தேரும் ஓடியது. அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் அந்த ஆண்டு வடத்தைப் பார்த்த ஊர்க்காரர் இருக்க முடியாது.

அதே ஆண்டு நகராட்சி மாநகராட்சி ஆனது. திண்ணை வீடுகள் போய் லாட்ஜுகள் வந்துவிட்டன. பௌர்ணமிக் கூட்டமே பழைய தீபக் கூட்டத்தைத் தாண்டுகிறது. இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கூட்டம் வந்தால்தான் ஊர் சாப்பிடும். ஒன்றே ஒன்று உறுத்துகிறது. கடைசித் தேர் வருகிறபோது, பெரிய தேரின் வடத்தைத் தொட முடியாமல் போன பெரியவர்கள் சிலர், புண்ணியத்தை விட மனமில்லாமல் பிள்ளைகளுக்கு நடுவில் புகுந்து கையைக் கொடுக்கிறார்கள். பத்து வயதுப் பையன் பின்னால் தள்ளப்படுகிறான். செல்போனில் படம் எடுக்கிறவர்கள் வேறு வடத்துக்குள்ளேயே நிற்கிறார்கள்.

தீபத்துக்கு வருகிறவர்கள் முடிந்தால் மூன்று நாள் முன்னதாக, தேருக்கு வாருங்கள். குழந்தைகளை அழைத்து வாருங்கள். பெரிய தேர் வடத்தை ஆசை தீர இழுங்கள். சண்டிகேசுவரர் தேர் கிளம்பியதும் ஓரமாக நின்று வழிவிடுங்கள். அந்த வடம் பிள்ளைகளுடையது.