ஏசிக்குள்ள பூஞ்சணம்

ஐப்பசி மழையில நிறுத்துன ஏசியை பங்குனியிலதான் திரும்பப் போட்டோம். நனைஞ்ச வைக்கோல் போர் வாடை. ஃபில்டரைக் கழுவினாப் போதும்னு நினைச்சேன். சுவர்ல தண்ணி வழிஞ்சதையும் கண்டுக்கலை. நாலாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு இளைப்பு, உட்கார்ந்தே விடிஞ்சது.

மெக்கானிக் தம்பி மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுக் காட்டினாரு. காத்தை வீசுற உருளை பூரா கறுப்புப் பூஞ்சணம். தண்ணி வெளியேறுற குழாய் வாயில குளவி மண்கூடு கட்டி அடைச்சிருக்கு. பூஞ்சணம் பிடிச்ச வைக்கோலை மாட்டுக்குக்கூடப் போடமாட்டேன். அந்தக் காத்துல அம்மாவைப் படுக்க வச்சிருக்கேன்.

உருளையைக் கழட்டிக் கழுவி வெயில்ல காயவச்சோம். குழாய் வாயில கொசுவலைத் துண்டு கட்டியாச்சு. இப்போ அணைக்கிறதுக்கு முன்னாடி அரைமணி நேரம் ஃபேன் மட்டும் ஓடவிடுறேன், உள்ளே ஈரம் காய. அம்மா இன்னும் திண்ணையிலதான் படுக்குது.