உழுந்துக்கும் ஒரு நாட்காட்டி உண்டு

செய்தியறைக்கு வரும் விவசாயத் தகவல்களில் 'கூடிய விளைச்சல் தரும் புதிய இனம்' என்ற தொடர் பல ஆண்டுகளாக என் கண்ணில் பட்டு வருகிறது. அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குள் எழும் கேள்வி ஒன்றுதான்: எந்த மண்ணில், எந்த மழையில் கூடிய விளைச்சல்?

வன்னியில் உழுந்து பெரும்பாலும் மானாவாரிப் பயிர். வயலுக்குக் குளத்து நீர் பாயும். நெடுங்கேணி, ஓமந்தை, செட்டிகுளம் பக்கத்து மேட்டுநில உழுந்துக்கோ வானம்தான் குளம். காலபோக மழை தொடங்கியதும் விதைத்தால் 70 முதல் 80 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். ஆனால், முற்றிய நெற்றின் மேல் மழை பெய்தால் மணி செடியிலேயே முளைவிடும். இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். வெண் ஈ பரப்பும் மஞ்சள் சித்திரவடிவ நோய் வந்துவிட்டாலோ நெற்றே சரியாகப் பிடிக்காது. ஆகவே, இங்கு நல்ல இனம் என்பது அதிகம் காய்ப்பது மட்டுமன்று. ஒரே தடவையில் முற்றி, மழைக்கு இடைவெளி பார்த்து வீட்டுக்கு வந்து சேர்வதும் ஆகும்.

அத்தகைய இனத்தை உருவாக்குவது பொறுமை வேண்டும் வேலை. உழுந்து தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும் பயிர். ஆய்வாளர் விரியாத சிறு மொட்டைத் திறந்து, மகரந்தக் கூடுகளை இடுக்கியால் அகற்றி, வேறோர் இனத்தின் மகரந்தத்தைத் தடவவேண்டும். அதன்பின் தலைமுறை தலைமுறையாக விதைத்து, தெரிந்தெடுத்து, குணத்தை நிலைபெறச் செய்யப் பல ஆண்டுகள் செல்லும். இதில் விவசாயிக்கு ஒரு நன்மையும் உண்டு. நிலைபெற்ற இனத்தின் விதையை அவரே எடுத்து அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் மண்ணில் அந்தத் தொடரைத்தான் போர் அறுத்தது. சாம்பலில் புரட்டிப் பானையில் வைத்த விதையைத் தூக்கிக்கொண்டு 2009இல் எவரால் ஓட முடிந்தது? கிளிநொச்சியில் இருந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடமே இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னர்தான் அறிவியல்நகருக்குத் திரும்பியது. ஆய்வுக்கும் விதைக்கும் ஒரே கதிதான்.

நம் விவசாயிகள் நன்கறிந்த எம்.ஐ.-1 உழுந்தின் பெயரில் இருப்பது மகா இலுப்பள்ளம ஆய்வு நிலையம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள வம்பன் என்ற சிற்றூரும் அவ்வாறே 'வம்பன் 8' முதலிய உழுந்து இனங்களுக்குத் தன் பெயரைத் தந்திருக்கிறது. பெயர் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு செடி எந்த நிலத்தில் தெரிந்தெடுக்கப்படுகிறதோ அந்த நிலத்தின் குணத்துக்கே முதலில் பழகுகிறது. இலங்கையில் அவரையினப் பயிர்களுக்கான தலைமை ஆய்வு நிலையம் இருப்பது அம்பாந்தோட்டை மாவட்டத்து அங்குணகொலபெலஸ்ஸவில்; வன்னியிலிருந்து பார்த்தால் தீவின் மறுகோடி.

2020இல் உழுந்து இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோசையும் வடையும் எட்டாத பண்டங்களாயின. அந்நாட்களில் எல்லோரும் வன்னி உழுந்தைத் தேடினார்கள். தேடியவர்கள் அதன் விதையைப் பற்றியும் சற்றுக் கேட்டிருக்கலாம். கிளிநொச்சியில் விவசாயத் திணைக்களத்தின் பிராந்திய ஆய்வு நிலையம் இருக்கிறது. பீடமும் திரும்பி வந்துவிட்டது. தெரிந்தெடுப்பின் கடைசிக் கட்டங்களாவது ஓமந்தையிலும் நெடுங்கேணியிலும் மழையை நம்பி விதைப்பவரின் காணியிலேயே, அவர் கண்ணெதிரே நடக்கவேண்டும். எந்தச் செடியை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று சொல்வதற்கு அவரைவிடத் தகுதியானவர் யார்?